பீரோவில் பூட்டிய அதிரசம்

என் மனைவி சுலோச்சனாவின் தலைக்குள் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்த இரண்டு வருடமும் நான் அவளைத் தீனிப்பண்டாரம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதுவதற்கு வேறு ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள், "பொண்டாட்டிய எப்படிப் பாத்துக்கினான் பாரு" என்று என்னைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். கேட்கும்போதெல்லாம் செருப்பால் அடித்த மாதிரி இருக்கிறது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது காரணமில்லாமல் பெருத்துக்கொண்டே போனால், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை யோசிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

எங்களுக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். நானும் அவளும் ஒரே தறியில் கோர்வைச் சேலை நெய்கிறவர்கள். கோர்வை என்றால் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஓரத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. நான் நடுவில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளுவேன். நூல் சுற்றிய அந்தக் கட்டை இடப்பக்கமிருந்து ஓடி வலது ஓரத்துக்கு வரும். அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள். என் நாடா வந்து சேர்கிற நேரத்தில் அவள் கரை நாடாவைத் தள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் கரையோரம் ஊசி நுழைகிற மாதிரி ஓட்டை விழும். இருபது வருடத்தில் அவள் கை தவறி நான் பார்த்ததில்லை.

முதலில் ரவிக்கைகள் பத்தாமல் போயின. தையல்காரரிடம் பிரித்துத் தைக்கக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் மறுபடியும் பிரிக்க வேண்டி வந்தது. நாற்பத்திரண்டு வயதில் மாதவிலக்கு நின்றது. வயசுதான் என்று அவளே சொல்லிக்கொண்டாள். பங்குனி வெயிலில் போர்வை கேட்டாள். தறியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள். தலைவலி என்றாள். ஐம்பத்துநான்கு கிலோ இருந்தவள் எண்பதைத் தாண்டினாள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பசி. நான்கு இட்லி சாப்பிட்டு எழுந்தவள் கை கழுவிவிட்டு வந்து பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள். என்னடா இது என்று நான் முறைத்தால் மூடிவிடுவாள்.

என் வாயைப் பற்றித் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நான் நக்கல் பேசினால் பத்துப் பேர் சிரிப்பார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது. "எங்கூட்டுல அரிசி மூட்டைக்கு ரெண்டு கால் மொளச்சிருக்குது" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவள் காதில் அது விழுந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறு வாரம் மறுபடி சொன்னேன்.

ஆயுத பூஜை அன்று தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் படையல் போடுவோம். அன்றைக்குப் படைக்க எடுத்தபோது குண்டானில் சுண்டல் பாதிதான் இருந்தது. சுலோச்சனா தலையைக் குனிந்து நின்றாள். எனக்கு வந்ததே கோபம். அவள் கையைப் பிடித்து இழுத்துப் பொட்டு வைத்த தறியின்மேல் வைத்தேன்.

"இனிமே வேளைக்குச் சாப்பாடு, அதுக்கு மேல ஒரு வாய் தொடமாட்டேன்னு தறி மேல சத்தியம் பண்ணு."

"வேணாங்க. என்னால முடியுதோ இன்னாவோ."

"பண்ணுன்னா பண்ணு."

பண்ணினாள். எங்கள் மகள் பிரியா ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போகிறவள். "அப்பா, இதெல்லாம் டூ மச்" என்றாள். அவளையும் அதட்டி உட்கார வைத்தேன். தறியைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தால் நெசவு கெட்டுப்போகும் என்று எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரு பயம் உண்டு. யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

பத்தே நாளில் கரையில் ஓட்டை விழுந்தது. ஒன்று, இரண்டு, பிறகு சாணுக்கு ஒன்று. என் நாடா போய் நின்றபிறகும் அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள். "தள்ளு" என்று கத்தினால்தான் திடுக்கிட்டுத் தள்ளுவாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. சத்தியத்தை மீறித் தின்றுகொண்டிருக்கிறாள். அதுதான் தறியில் தெரிகிறது. நான் கேட்டேன். அவள் அழுதுகொண்டே, ஆமாம், இரண்டு தடவை ராத்திரி பழைய சோறு தின்றேன் என்றாள். எனக்கு எல்லாம் நிரூபணமாகிவிட்டது. கண் தெரிகிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

தீபாவளிக்கு அவளே உட்கார்ந்து அதிரசமும் முறுக்கும் சுட்டாள். சுட்டு முடித்ததும் இரண்டு டப்பாவையும் நான் எடுத்துப்போய், ஜரிகை வைக்கிற பீரோவில் வைத்துப் பூட்டினேன். பூட்டும்போது அவள் எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்று தெரியும். திரும்பாமலே சொன்னேன்: "திருடி இருக்கிற ஊட்டுல வேற இன்னா பண்றது."

சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்ததும் கந்த சஷ்டி. ஆறு நாள் விரதம். குமரகோட்டம் முருகன் கோயிலில் நான் அவள் பேரில் வேண்டிக்கொண்டேன். சத்தியத்தை மீறின தோஷமும் கழியும், உடம்பும் இளைக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று என் கணக்கு. பகலில் தண்ணீர், ராத்திரி ஒரு டம்ளர் பால், ஒரு பழம். அவள் மறுக்கவில்லை. முருகன் என்னை மன்னிக்கட்டும் என்றாள். மூன்றாம் நாள் அரிசிக் கடைத் தராசில் ஏற்றி நிறுத்தேன். முள் இறங்கவே இல்லை. கடைக்காரர் முன்னாலேயே, "எங்க ஒளிச்சி வச்சித் தின்ற?" என்று கேட்டேன். அவள் தராசிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

நான்காம் நாள் சாயங்காலம் சாமி மாடத்தில் வைத்திருந்த வெல்லக்கட்டியைக் காணோம். அவள் உள்ளங்கை பிசுபிசுவென்று இருந்தது. "சாமிக்கு வச்சதயே எடுத்துத் தின்னுட்டியா, திருடி" என்றேன். மறுநாள் காலை தறிக்கு வந்து உட்கார்ந்தவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். நடிக்கிறாள் என்று நான் நாடாவைக் கீழே வைக்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வேர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லை. பிரியா அலறியபோதுதான் நடிப்பில்லை என்று எனக்கு உறைத்தது.

ஊரில் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது, ரத்த அழுத்தம் கருவியில் பிடிபடவில்லை, உப்புச் சத்து குறைந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். அங்கிருந்த இளம் டாக்டர் கெட்டிக்காரர். தலைவலி என்று கேள்விப்பட்டதும், "எதுக்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார். எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் எங்களைச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆம்புலன்ஸில் அவள் கேட்டாள்: "ஏங்க, சத்தியத்த மீறினதாலதானே?"

எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பயந்து கேட்டாள்; நான் சரிதானே என்று நினைத்தேன். அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் கூட ஒரு பெண் ஆள்தான் தங்கலாம். பிரியா கல்லூரிக்கு லீவு போட்டுக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தாள். நான் வெளியே வராந்தாவில். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்குத் துணையாக வந்திருந்தவர் எஸ்தர் அக்கா, திருப்புட்குழிக்காரர். நம்ம ஊர்ப்பக்கம் என்று தெரிந்ததும் வெந்நீர் பிளாஸ்கிலிருந்து சோப்பு டப்பா வரை எல்லாவற்றிலும் பாதி எங்களுக்கு என்று வைத்துக்கொண்டார். ஜெபம் பண்ணும்போது சுலோச்சனா பேரையும் சேர்த்துச் சொன்னார். காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு இல்லை. ஆனாலும் போக, வர, சாப்பாடு, வெளியே எடுக்கச் சொன்ன ஒரு பரிசோதனை என்று போய்க்கொண்டுதான் இருந்தது. தறி நின்றிருந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையே வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

முதல் நாள் நாளமில்லாச் சுரப்பி டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுவார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே கேட்டார். எப்போதிருந்து எடை, எப்போதிருந்து தலைவலி. பிறகு, "மயங்கி விழறதுக்கு முன்னாடி சாப்பாடு ஏதாவது குறைச்சாங்களா? விரதம் மாதிரி?" என்றார்.

"சஷ்டிங்க. அவளாத்தான் இருந்தா. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியாது. சுலோச்சனா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "ஆமாங்க மேடம், நான்தான்" என்றாள். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த பிரியா வார்டை விட்டு வெளியே போனாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பிறகு பரிசோதனைகள். ரத்தம் காலை எட்டு மணிக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். சில சுரப்புகள் காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம். எம்.ஆர்.ஐ.க்குத் தாலி, வளையல் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். பிரியா ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு அழைத்துப்போனாள். உள்ளே சம்மட்டி அடிக்கிற சத்தம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் குழாய்க்குள் அவள் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்று யோசித்தேன். வெளியே வந்ததும், "ஒண்ணும் நெனைக்கல. பசிச்சிது" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பயந்தாள்.

அடுத்தது கண் பரிசோதனை. ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் மினுக்கும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடுவில் வெளிச்சம் வந்தபோதெல்லாம் டக் டக்கென்று அழுத்தினாள். வெளிச்சம் ஓரத்துக்குப் போனதும் அவள் விரல் நின்றுவிட்டது. இடப்பக்கம் மினுக்கி மினுக்கி அணைகிறது. அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். தறியில் எப்படி உட்கார்ந்திருந்தாளோ அதே மாதிரி. "அழுத்து" என்று கத்த எனக்கு வாய் வந்துவிட்டது. கத்தவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்தது.

அச்சடித்து வந்த தாளில் இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம் கறுப்பாக இருந்தது. கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே கடக்கிற இடத்தைக் கட்டி கீழிருந்து முட்டுகிறது. அதனால் நேரே இருப்பது தெரியும், இரு ஓரமும் தெரியாது என்றார் அங்கிருந்தவர். "ரொம்ப நாளா இருந்திருக்கணும். எங்கியாவது இடிச்சிக்குவாங்களே, கவனிக்கலையா?" என்று கேட்டார். கதவில் இடித்துக்கொள்வாள். நான் அதற்கும் ஒரு நக்கல் வைத்திருந்தேன்.

நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டு அழுதேன். நாடா இடப்பக்கமிருந்துதான் அவளிடம் வரும். அது வருவதே அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத நாடாவுக்காகக் கரையில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை வைத்து நான் அவளைச் சத்தியம் தவறியவள் ஆக்கினேன். அவளும் அதை நம்பி, தனக்குக் கண் போகிறது என்பதைக்கூடத் தண்டனை என்று எண்ணி யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். கட்டியின் பெயர் நீளமானது. பிரியாவுக்குத்தான் சரியாகச் சொல்ல வரும். புற்றுநோய் இல்லை, ஆனால் இருக்கிற இடம் பொல்லாதது என்றார். மூளையின் அடியில் பாதாம்பருப்பு அளவுக்கு ஹைப்போதலாமஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே தொங்குவது பிட்யூட்டரிச் சுரப்பி. கட்டி இரண்டையும் அழுத்திக்கொண்டிருந்தது.

"உடம்புல இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்கிறதில்லைங்க" என்றார். "இருப்பு போதுமான அளவுக்கு இருக்குன்னு மூளைக்குச் சொல்ல லெப்டின்னு ஒரு ரசாயனத்தை ரத்தத்துல அனுப்பிட்டே இருக்கும். வயிறு காலியானா அது கிரெலின்னு ஒண்ணை அனுப்பும், பசிக்குது போடுன்னு. ரெண்டையும் கேட்டு, சாப்பிடலாமா போதுமான்னு முடிவு பண்ற இடம் இந்த ஹைப்போதலாமஸ். இவங்களுக்கு அந்த இடமே நசுங்கி இருக்கு. கொழுப்பு போதும் போதும்னு சொல்லுது, கேட்க ஆளில்லை. அப்ப மூளை என்ன நினைக்கும்? இந்த உடம்பு பட்டினி கிடக்குதுன்னு நினைக்கும். பசியைக் கூட்டும். செலவைக் குறைக்கும். தூங்க வைக்கும். கிடைக்கிறதை எல்லாம் சேர்த்து வைக்கும்."

"அப்ப கொறச்சித் தின்னா?"

"அப்பவும் எடை ஏறலாம். இவங்க பட்டினி கிடந்தாலும் தராசு இறங்கியிருக்காது."

எனக்கு அரிசிக் கடை ஞாபகம் வந்தது. கோர்வையில் நான் நாடாவை அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், ஓரத்தில் வாங்க ஆளில்லை என்றால் சேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. அப்படித்தான் அவள் உடம்பும் ஆகியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். சுலோச்சனா மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், அப்ப நான் ஆசப்பட்டுத் தின்னலியா?"

"இல்லம்மா. மூச்சு முட்டினா காத்துக்கு வாய் திறப்பீங்க இல்ல? அதை யாரும் ஆசைன்னு சொல்ல மாட்டாங்க."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிரியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் எந்தப் பக்கம் கை வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதாக முடிவானது. பார்வை திரும்பும் என்றோ, பசி அடங்கும் என்றோ யாரும் உறுதி சொல்லவில்லை. உயிருக்கும் ஆபத்து உண்டு என்று தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சாயங்காலம் சுலோச்சனா என்னைக் கட்டில் பக்கம் வரச் சொன்னாள். நேர் எதிரே வந்து நிற்கச் சொன்னாள். அப்போதுதான் முழுசாகத் தெரியுமாம்.

"நான் திரும்பி வரலைன்னா அந்தச் சத்தியம் அப்படியே நிக்கும். தறி மேல பொய்ச் சத்தியம் பண்ணவளாப் போவணுமாங்க? நீங்கதான வாங்கினீங்க. நீங்களே எடுத்துக்குங்க."

இவ்வளவு விளக்கிச் சொன்ன பிறகும் அவளுக்குள் அது இருந்தது. மூளையில் இருக்கிற கட்டியை டாக்டர் எடுத்துவிடலாம். நான் வைத்ததை யார் எடுப்பது? "எடுத்துக்கினேன், மறந்துடு" என்று சொல்லியிருக்கலாம். அது போதாது என்று பட்டது. அந்த நேரத்தில் டாக்டரம்மா மற்ற கட்டில்களைப் பார்த்துக்கொண்டு எங்களிடம் வந்தார். கூட நான்கு மாணவர்கள். எஸ்தர் அக்கா, பிரியா, எல்லோரும் இருந்தார்கள். நான் சொன்னேன்.

"மேடம், அன்னிக்கி நான் பொய் சொன்னேங்க. விரதம் அவ இருக்கல. நான்தான் இருக்க வச்சேன். சோத்தப் பூட்டி வச்சி, தறி மேல சத்தியம் வாங்கி, திருடின்னு சொல்லி... நாலாம் நாள் பசி தாங்காம ஒரு கட்டி வெல்லம் எடுத்துத் தின்னுட்டா. அதுக்கும் திட்டினேன்."

மாணவர்கள் தங்கள் தாளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"கார்டிசால்னு ஒரு சுரப்பு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "பட்டினியிலயும் காய்ச்சல்லயும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் விழாம தாங்கிப் பிடிக்கிறது அதுதான். பிட்யூட்டரி நசுங்கினதால இவங்களுக்கு அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்த உடம்போட நாலு நாள் பட்டினி. அந்த வெல்லமும் உள்ள போகலைன்னா சர்க்கரை இன்னும் எங்க இறங்கியிருக்கும்னு சொல்ல முடியாது. அதை எடுத்துச் சாப்பிட்டது நல்லதாப் போச்சு."

பிறகு சுலோச்சனாவின் கன்னத்தைத் தட்டி, "நல்ல காரியம் பண்ணீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் சுலோச்சனாவிடம், "சத்தியம் பண்ணது நீ இல்ல. உன் கையப் புடிச்சி வச்சது நானு. அது என்னோட சத்தியம், என்னோட பாவம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரியா அன்று ராத்திரி வராந்தாவுக்கு வந்து என் பக்கத்தில் இரண்டு இட்லிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். ஒரு வாரத்துக்குப் பிறகு மகள் எனக்குக் கொடுத்த முதல் சாப்பாடு அது.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். கதவுக்கு வெளியே நாற்காலி இல்லை. நின்றுகொண்டே இருந்தேன். தறியில் குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தே பழகிய கால்கள் மரத்துப்போயின. யாராவது தாள் கொண்டுவந்து பெயர் கூப்பிட்டால் கதவுக்கு ஓடினேன். கடைசியில் டாக்டர் வந்து, முக்கால்வாசி எடுத்துவிட்டோம், மீதி ஹைப்போதலாமஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிய்த்தால் ஆபத்து, அதற்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார்.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நிமிடம் பார்க்க விட்டார்கள். மூக்கெல்லாம் பஞ்சு. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிறுநீரைக் கட்டுப்படுத்துகிற சுரப்பும் குறைந்துவிட்டதால் போய்க்கொண்டே இருக்கிறது, அதற்கு மருந்து கொடுக்கிறோம் என்றார் நர்ஸ். குடித்ததையும் போனதையும் ஒரு தாளில் மில்லி மில்லியாக எழுதிக்கொண்டிருந்தார். நான் நேர் எதிரே போய் நின்றேன். சுலோச்சனா என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பசிக்குதுங்க" என்றாள். உடனே, "கோச்சிக்காதீங்க" என்றாள்.

சாவிலிருந்து திரும்பி வந்தவள் என்னிடம் சொன்ன இரண்டாவது வார்த்தை அது. நான் நல்ல புருஷன் என்று சொல்கிறவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்து, வாயாலும் சொன்னார். கார்டிசாலுக்குப் பதில் மாத்திரை, தைராய்டு மாத்திரை, தாகத்துக்கு ஒரு மருந்து, எல்லாம் ஆயுசுக்கும். காய்ச்சல் வந்தால் முதல் மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும். வாந்தி வந்தால் உடனே ஊசிக்கு ஓட வேண்டும். விரதம் இனி கிடையவே கிடையாது. "ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. பசி அடங்காது. கட்டி போனாலும் அந்த இடம் பழையபடி ஆகாது. நேரத்துக்கு அளவா சாப்பாடு. இடையில கண்ணுல படற மாதிரி எதுவும் இருக்கக்கூடாது. நிறைய வீட்டுல பூட்டித்தான் வைக்கிறாங்க."

பூட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் மாதம் நான் எதையும் பூட்டவில்லை. என்னால் முடியவில்லை. பதிலுக்கு நானும் பிரியாவும் அவளுக்கு எதிரே எதையும் தின்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். பிரியா தட்டுகளில் அளவு போட்டுக் கொடுப்பாள், மூன்று பேருக்கும் ஒரே அளவு. அவளுக்குப் பசித்தால் எனக்கும் பசிக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் எனக்குச் சாப்பிட்டால் அடங்கிவிடுகிறது. அவளுக்கு அடங்குவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் என்னால் அவள் கூட நிற்கவே முடியாது.

கோர்வையை விட்டுவிட்டு ஒரு ஆளால் ஆகிற சேலைதான் இப்போது நெய்கிறேன். ஒரு நாள் காலை நான் தறிக்குப் போகும்போது அவள் பீரோ பக்கத்தில் நின்றிருந்தாள். கீழே தரையில் வெல்ல டப்பா, கடலை டப்பா, பிஸ்கட், பழக்கூடை எல்லாம் வரிசையாக இருந்தன. அவளே எடுத்துவந்து வைத்திருக்கிறாள்.

"உள்ள வச்சிப் பூட்டிடுங்க" என்றாள்.

"நான் மாட்டேன் சுலோ. வேற இன்னா வேணா சொல்லு."

"நாள் பூரா அது கூடச் சண்ட போட்டுக்கினே இருக்க முடியலைங்க. அது அங்க இருக்குதுன்னு தெரிஞ்சா என் தல முழுக்க அதான் ஓடிக்கினு இருக்குது. பூட்டிட்டா கொஞ்சம் தூங்குவேன்."

நான் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஜரிகைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். கதவைச் சாத்தினேன். சாவி கையில் இருந்தது. அவள் எனக்குப் பின்னால், இடப்பக்கம் நின்றிருந்தாள். தீபாவளிக்கு முந்தி நின்ற அதே இடம்.

"ஒண்ணு" என்றாள். "என் பக்கம் திரும்பி நின்னு பூட்டுங்க. எனக்கு நேரா. நீங்க பூட்றப்ப உங்க மூஞ்சி எனக்குத் தெரியணும்."

ஓரப்பார்வை அவளுக்குத் திரும்பவில்லை. அதனால் நான் அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தி, பீரோவுக்கு நேராக நிறுத்தினேன். பிறகு அவளைப் பார்த்தபடி உடம்பை ஒருக்களித்து, கையைப் பின்னால் விட்டுப் பூட்டுத் துவாரத்தைத் தடவித் தேடினேன். சாவி இரண்டு தடவை நழுவியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டியதும் சாவியை அவளிடம் நீட்டினேன்.

"உங்க கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "பதினோரு மணிக்கு மோர். மறந்துடாதீங்க."

மணி ஒன்பதரை. நான் தறியில் போய் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.